80 கோடிக்கு என்னத்த வாங்கினான்? அம்பாசிடர் என்ற பெயரின் கதை

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஸ்டுடியோவுல ஆரம்பிக்கல. காலை அஞ்சரை மணிக்கு, சுங்குவார்சத்திரம் கூட்ரோட்டுல, ஒரு டீக்கடை ஓரமா நின்னு ஆரம்பிக்கிறேன். பின்னாடி கேட்கிற சத்தம் கம்பெனி பஸ்கள். முதல் ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வருது. கண்ணாடியில ஒட்டியிருக்கிற போர்டைப் படிச்சா உலக வரைபடம் மாதிரி இருக்கும்: கொரியா, ஜப்பான், தைவான், பிரான்ஸ், ஜெர்மனி. ஏறுறவங்க முகம் மட்டும் நம்ம ஊர் முகம்.

இதே இடத்துல, இந்த பஸ்களெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, எங்க பெரியப்பாவோட அம்பாசிடர் நின்னுச்சு. வாடகை வண்டி. காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போற கல்யாண வீட்டுக்காரங்க, நடுராத்திரி பிரசவ வலி வந்தவங்க, ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போறவங்க, எல்லாருக்கும் அந்த ஒரு வண்டிதான். முன் சீட்டு ஒரே நீள பெஞ்சு. கியர் ராடு ஸ்டியரிங் பக்கத்துலயே இருக்கும். முகூர்த்த நாள்ல அதுல எத்தனை பேர் ஏறினாங்கன்னு சொன்னா இன்னைக்கு ஆர்.டி.ஓ.வுக்குக் கோபம் வரும்.

2017 பிப்ரவரியில குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு ஃபார்வேர்டு வந்தது. 'நம்ம அம்பாசிடரை பிரெஞ்சுக்காரன் 80 கோடிக்கு வாங்கிட்டான். நாட்டோட அடையாளமே போச்சு.' அழுகிற எமோஜி வரிசையா. நான் அப்போ இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தேன். நானும் ஒரு எமோஜி போட்டேன். பெரியப்பா மட்டும் போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏண்டா தம்பி, கம்பெனி மூடி மூணு வருஷம் ஆகப்போகுது. வண்டி வர்றதில்ல. அப்புறம் 80 கோடி குடுத்து என்னத்த வாங்கினான் அவன்?"

எனக்குப் பதில் தெரியல. அந்தக் கேள்விக்குத்தான் இந்த எபிசோடு.

'நம்ம' வண்டி எங்க பிறந்தது?

முதல்ல ஒரு அதிர்ச்சியைச் சொல்லிடறேன். அம்பாசிடரை வரைஞ்சது இந்தியர் இல்ல. அது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற கார். அதோட மூணாவது வரிசை மாடல்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸை பிர்லா குடும்பம் 1942-ல தொடங்கியது. முதல்ல குஜராத்தின் ஓகா துறைமுகத்துல, அப்புறம் 1948-ல கொல்கத்தா பக்கத்துல இருக்கிற உத்தர்பாராவுக்கு மாறியது. மாரிஸ் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, அவங்க கார்களை இங்க வேற பெயர்ல செஞ்சாங்க. ஹிந்துஸ்தான் 10, அப்புறம் லேண்ட்மாஸ்டர், அப்புறம் 1950-களின் கடைசியில அம்பாசிடர்.

இங்கிலாந்துல அந்த மூணாவது வரிசை ஆக்ஸ்ஃபோர்டு சில வருஷத்துல நின்னுபோச்சு. அடுத்த மாடல், அதுக்கு அடுத்ததுன்னு அவங்க நகர்ந்துட்டாங்க. இங்க அதே உடம்பு அரை நூற்றாண்டுக்கு மேல ஓடிச்சு. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவானு பெயர் மாறும்; முன்பக்க கிரில் மாறும்; 1990-களில் இசுசு இன்ஜின்கூட உள்ள வந்தது. ஆனா தூரத்துல இருந்து பார்த்தா அதே வட்ட முதுகு.

ஏன் இவ்வளவு நாள்? நல்ல வண்டி என்பதால மட்டும் இல்ல. வேற வண்டி வர வழி இல்ல என்பதாலயும்தான். 1950-களில் அரசு ஒரு முடிவு எடுத்தது: வெளிநாட்டுல இருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்க பூட்டி மட்டும் விக்கிறவங்களுக்கு இடமில்ல, படிப்படியா எல்லாத்தையும் இங்கயே செய்யத் தயாரா இருக்கிறவங்களுக்குத்தான் அனுமதி. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அப்போ கடையைக் கட்டிட்டுப் போனாங்க. சந்தையில மிஞ்சினது முக்கியமா மூணு பேர்: உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான், பம்பாயில ஃபியட் கார்களைச் செய்த பிரீமியர், நம்ம வண்டலூர்ல ஸ்டாண்டர்டு.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்ததும் கதை மாறுச்சு. அம்பாசிடர் அரசு வண்டியாகவும் டாக்ஸியாகவும் சுருங்கியது. கடைசி முழு நிதியாண்டான 2013–14-ல வித்தது சுமார் 2,200 வண்டிதான்.

2014 மே 24. உத்தர்பாரா கேட்டுல நோட்டீஸ் ஒட்டினாங்க. கவனிங்க, அதுல 'மூடல்'னு போடல. 'வேலை நிறுத்திவைப்பு'னு போட்டாங்க. இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு. முறையா மூடினா இழப்பீடு, செட்டில்மென்ட்னு ஒரு கணக்கு பேசியாகணும். நிறுத்திவைச்சா வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல, கணக்கும் முடியாது. அன்னைக்கு அந்தத் தொழிற்சாலையில ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்க இருந்தாங்க.

வித்தது எது?

இப்போ பெரியப்பாவோட கேள்விக்கு வரேன். நான் சாஃப்ட்வேர் ஆளு. எனக்குப் புரியற மாதிரி சொல்லிக்கிறேன்.

ஒரு வெப்சைட் இருக்குன்னு வைங்க. அதுல மூணு விஷயம் இருக்கு. டொமைன் பெயர், அதாவது அட்ரஸ் பார்ல நீங்க அடிக்கிற அந்தச் சொல். சோர்ஸ் கோட், அதாவது அது வேலை செய்யற விதம். மூணாவது, ராத்திரி மூணு மணிக்கு சர்வர் விழுந்தா எழுந்து சரிபண்ற ஆளுங்க. வெளியில இருந்து பார்க்கிறவருக்கு மூணும் ஒண்ணுதான். ஆனா மூணையும் தனித்தனியா விக்கலாம். டொமைனை மட்டும் ஒருத்தருக்கு வித்துட்டு, கோடை அழிச்சிட்டு, ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பலாம்.

காருக்கும் அதேதான். பெயர் ஒண்ணு. வரைபடம், அச்சு, டை, மெஷின் எல்லாம் சேர்ந்தது ரெண்டாவது. கை மூணாவது. வெல்டிங் பண்ற கை, பெயின்ட் அடிக்கிற கை, நட்டு முடுக்குற கை.

2017 பிப்ரவரியில பெஷோ நிறுவனத்துக்கு வித்தது முதலாவது மட்டும். அம்பாசிடர் என்ற பிராண்டும், அதோட ட்ரேட்மார்க் உரிமைகளும். விலை 80 கோடி ரூபாய். தொழிற்சாலை போகல. ஆளுங்க போகல. ஊழியர்களுக்கும் கடன் கொடுத்தவங்களுக்கும் வைக்க வேண்டிய பாக்கியைத் தீர்க்க அந்தப் பணம் என்று அப்போ பிர்லா தரப்புல சொன்னாங்க.

இந்த வரியில நான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். வாட்ஸ்அப்புல நாம அழுதது பெயர் போச்சேன்னு. ஆனா அந்தப் பெயரை விக்கறதுக்குச் சொன்ன காரணங்கள்ல ஒண்ணே, அந்தப் பெயரைச் செஞ்ச கைகளுக்குச் சேர வேண்டிய பாக்கி. நாம எந்தப் பக்கம் பார்த்து அழுதிருக்கோம்?

பெயர் திருவள்ளூர் வரை வந்தது

அம்பாசிடர் விற்பனைக்கு ஒரு மாசம் முன்னாடி, 2017 ஜனவரியில, பெஷோவும் சி.கே. பிர்லா குழுமமும் ஒரு கூட்டு ஒப்பந்தம் போட்டாங்க. ஆரம்ப முதலீடு சுமார் 700 கோடி ரூபாய். கார் செய்ய திருவள்ளூர், இன்ஜினும் கியர்பாக்ஸும் செய்ய ஓசூர்.

திருவள்ளூர் தொழிற்சாலை புதுசு இல்ல. 1998-ல இருந்தே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்க மிட்சுபிஷி லான்சர் செஞ்சிட்டிருந்தது. அப்புறம் பஜேரோ. 90-கள்ல பிறந்தவங்களுக்குத் தெரியும், தெருவுல லான்சர் போனா திரும்பிப் பார்ப்போம். அந்த இடத்துல இருந்துதான் இப்போ சிட்ரோயன் கார் வெளிய வருது. 2021-ல முதல் மாடல், 2022-ல சி3. இதுக்கு நடுவுல 2021 ஜனவரியில பெஷோவே ஃபியட் கிரைஸ்லரோட இணைஞ்சு ஸ்டெல்லாண்டிஸ்னு ஆயிடுச்சு. ஆக 'பிரெஞ்சுக்காரன் வாங்கிட்டான்' என்ற ஃபார்வேர்டு நாலு வருஷத்துலயே பழசு. இப்போ அந்தத் தலைமை நிறுவனம் பதிவாகியிருக்கிறது நெதர்லாந்துல.

பெஷோ இந்தியாவுக்குப் புது ஆளும் இல்ல. 1990-களில் பிரீமியரோட சேர்ந்து பம்பாய் பக்கத்துல கல்யாண்ல பெஷோ 309 செஞ்சாங்க. தொழிலாளர் தகராறு, பணத் தகராறுன்னு சில வருஷத்துலயே கிளம்பிட்டாங்க. ரெண்டாவது தடவை வரும்போது கையில ஒரு தெரிஞ்ச பெயர் இருந்தா நல்லதுன்னு நினைச்சிருந்தா அதுல ஆச்சரியம் இல்ல.

ஆனா இன்னைக்கு வரைக்கும் அம்பாசிடர் பெயர்ல ஒரு புது கார் கடைக்கு வரல. 2022 மே மாசம் 'அம்பாசிடர் 2.0 சென்னைத் தொழிற்சாலையில வரப்போகுது'ன்னு செய்தி வந்தது. அப்பவும் குடும்ப குரூப்புல எமோஜி. அப்பவும் வண்டி வரல.

வாங்கின பெயரைப் பயன்படுத்தாம வெச்சிருக்க முடியுமா? நம்ம ட்ரேட்மார்க் சட்டம், 1999-ம் வருஷச் சட்டம், 47-வது பிரிவு இதைப் பத்திப் பேசுது. பதிவு பண்ணின பெயரைத் தொடர்ந்து 5 வருஷத்துக்கு மேல உண்மையா பயன்படுத்தாம விட்டா, அதைப் பதிவேட்டுல இருந்து நீக்கச் சொல்லி, பாதிக்கப்படுறவர் மனு போடலாம். தானா போகாது, யாராவது கேட்கணும். பெயர் நிலம் மாதிரிதான். பட்டா இருந்தா போதாது, அப்பப்போ உழணும்.

இன்னொரு வேடிக்கை. அம்பாசிடரோட தாய்ப் பெயரான மாரிஸ் எங்க இருக்கு? இங்கிலாந்தின் அந்தக் கம்பெனிகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, நஷ்டமாகி, கடைசியில எம்.ஜி. ரோவர் என்ற பெயர்ல 2005-ல விழுந்துச்சு. மிச்சங்களைச் சீன நிறுவனங்கள் வாங்கினாங்க. இன்னைக்கு மாரிஸும் எம்.ஜி.யும் ஷாங்காயின் சைக் நிறுவனத்துகிட்ட. எம்.ஜி.ன்னா மாரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டுல அதே வில்லியம் மாரிஸ் நடத்தின பட்டறையோட பெயர். நம்ம ரோட்டுல ஓடுற எம்.ஜி. ஹெக்டரும் பெரியப்பாவோட அம்பாசிடரும் ஒரு வகையில பங்காளி. ஒண்ணு சீனா வழியா வந்தது, இன்னொண்ணு உத்தர்பாரா வழியா.

வண்டலூர்ல தங்கிப்போன பெயர்

இதெல்லாம் வடக்கே நடந்த கதைன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்லயே ஒண்ணு இருக்கு. வண்டலூர் ஜூவுக்குப் போயிருப்பீங்க. அந்தப் பக்கத்துலதான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு என்பது இங்கிலாந்தின் கோவன்ட்ரி ஊர்ல 1903-ல பிறந்த பெயர். அங்க அதை லேலண்ட் வாங்கியது. 1963-லயே அந்தப் பெயரை விட்டுட்டாங்க. பழைய வாசனை அடிக்குது, விக்காதுன்னு.

கோவன்ட்ரியில செத்த பெயர் வண்டலூர்ல இன்னும் 25 வருஷம் உயிரோட இருந்தது. அங்க டிரையம்ஃப் ஹெரால்டுன்னு ஓடின காரை இங்க ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு செஞ்சாங்க. அங்க ரெண்டு கதவு. நம்ம குடும்பம் பெருசாச்சே, நாலு கதவு வேணும். 1960-களின் கடைசியில நாலு கதவு ஹெரால்டு இங்க வந்தது. இங்கிலாந்துல அப்படி ஒண்ணு கிடையாது. அப்புறம் கெசல்.

கடைசி முயற்சி 1985-ல ஸ்டாண்டர்டு 2000. வெளிய பார்த்தா ரோவரோட அழகான உடம்பு. உள்ளே 1940-களின் வேன்கார்டு வழியில வந்த இன்ஜின். புது கேஸிங்ல பழைய மதர்போர்டு. பெட்ரோலைக் குடிச்சது, விலையும் அதிகம். 1988 வாக்குல கதை முடிஞ்சது.

இப்போ ட்விஸ்ட். டிரையம்ஃப் என்ற கார் பெயர் யார்கிட்ட இருக்கு தெரியுமா? பி.எம்.டபிள்யூ.கிட்ட. 1994-ல ரோவரை வாங்கி, 2000-ல வித்தப்போ, மினி மாதிரி சில பெயர்களை மட்டும் கையில வெச்சுக்கிட்டாங்க. அதுல டிரையம்ஃப் ஒண்ணு. (பைக் செய்யற டிரையம்ஃப் வேற கம்பெனி, குழப்பிக்காதீங்க.) அந்த பி.எம்.டபிள்யூ. 2007-ல இருந்து கார் பூட்டுற இடம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துல, மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில. வண்டலூர்ல ஜி.எஸ்.டி. ரோடு பிடிச்சு நேரா தெற்கே போனா வந்துடும். ஹெரால்டு செஞ்ச ஊரும், ஹெரால்டோட தாய்ப் பெயரை வெச்சிருக்கிறவங்க தொழிற்சாலையும் ஒரே ரோட்டுல. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பெயரும் கையும் எவ்வளவு தூரம் பிரிய முடியும் என்பதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

ஒரகடத்துல எழுந்து படுத்த பெயர்

பழைய பெயரைத் திரும்ப எழுப்பினா என்ன ஆகும்? அதுக்கும் உதாரணம் நம்ம பக்கத்துலயே இருக்கு. ஒரகடம்.

டாட்சன் 1930-கள்ல பிறந்த ஜப்பான் பெயர். டாட் என்ற காரோட மகன் என்ற அர்த்தத்துல, மகனுக்கான ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து வெச்சாங்க. ஜப்பான் மொழியில அதே ஒலிக்கு 'நஷ்டம்'னு பொருள் வருதுன்னு தெரிஞ்சதும் சூரியனுக்கான ஆங்கிலச் சொல்லா மாத்திட்டாங்க. அமெரிக்காவுல அந்தப் பெயர் கொடிகட்டிப் பறந்தது. 1981-ல நிசான், 'இனிமே எல்லாமே நிசான்தான்'னு முடிவெடுத்து டாட்சனை ஓரங்கட்டிடுச்சு.

முப்பது வருஷம் கழிச்சு, குறைஞ்ச விலைக் காருக்கு அந்தப் பெயரை எழுப்பினாங்க. 2013 ஜூலையில டெல்லியில டாட்சன் கோ அறிமுகம். செய்யறது நம்ம ஒரகடம் தொழிற்சாலையில, 2010-ல ரெனோவும் நிசானும் சேர்ந்து திறந்த இடம். 2014 நவம்பர்ல குளோபல் என்கேப் மோதல் சோதனையில அந்தக் காருக்குப் பூஜ்ஜியம் ஸ்டார். பெயருக்கு வயசு எண்பது, ஆனா மோதினா காப்பாத்தணுமே? 2022-ல டாட்சன் மறுபடியும் நின்னுபோச்சு. 2025 மார்ச்சில, அந்தத் தொழிற்சாலையில நிசானோட 51 சதவீதப் பங்கையும் ரெனோவே வாங்கிக்கிறதா அறிவிச்சாங்க. நேத்து வரைக்கும் பாதி ஜப்பான், இனி முழு பிரான்ஸ். காலை பஸ் அதே ரூட்டுலதான் வருது.

இதே ஒரகடத்துல நேர் எதிர் கதையும் இருக்கு. ராயல் என்ஃபீல்டு. கார் இல்ல, பைக்தான். இருந்தாலும் சொல்லியே ஆகணும். 1955-ல திருவொற்றியூர்ல என்ஃபீல்டு இந்தியா தொடங்கினப்போ இங்கிலாந்துல இருந்து பாகம் வந்தது. சீக்கிரமே அச்சும் மெஷினும் வந்தது. 1970-ல இங்கிலாந்துல உற்பத்தி நின்னபோது, இங்க கை பழகியிருந்தது. 1990-கள்ல ஐஷர் கைக்குப் போய், 2013-ல ஒரகடம், அப்புறம் வல்லம் வடகால்னு வளர்ந்தது. பெயர், அச்சு, கை மூணும் ஒரே இடத்துல சேர்ந்த அபூர்வமான கேஸ் அது. அதனாலதான் புல்லட் சத்தம் இன்னும் கேட்குதுன்னு நான் நினைக்கிறேன்.

நாம வாங்கினப்போ அவங்க என்ன கேட்டாங்க?

'வெளிநாட்டுக்காரன் வாங்கிட்டான்'னு நாம மட்டும்தான் அழுதோமா? 2008-ல இங்கிலாந்து அழுதது. ஜாகுவார், லேண்ட் ரோவர் ரெண்டையும் ஃபோர்டுகிட்ட இருந்து டாடா மோட்டார்ஸ் 230 கோடி டாலருக்கு வாங்கினாங்க. ஃபோர்டு அந்த ரெண்டையும் வாங்கக் கொடுத்ததுல பாதிகூட இல்ல. 'காலனியா இருந்த நாடு எஜமான் காரை வாங்கிடுச்சு'ன்னு நமக்குப் பெருமை.

ஆனா அங்க இருந்த யுனைட் தொழிற்சங்கம் என்ன பண்ணுச்சு? கொடி எந்த நாட்டோடதுன்னு சண்டை போடல. வேலை இருக்குமா, தொழிற்சாலைகள் இருக்குமா, ஓய்வூதியம் வருமான்னு கேட்டாங்க. வாங்க வந்தவங்கள்ல டாடாதான் பரவாயில்லன்னு வெளிப்படையா சொன்னாங்க. ஒப்பந்தத்தோட ஒரு பகுதியா ஃபோர்டு சுமார் 60 கோடி டாலரை ஓய்வூதிய நிதியில போட்டது.

இங்கதான் எனக்கு உறைச்சது. அங்க பெயர் விலைபோனபோது மேஜையில கைகளுக்கும் ஒரு நாற்காலி இருந்தது. உத்தர்பாராவுல பெயர் விலைபோனபோது கேட்டு மூடி மூணு வருஷம் ஆகப்போகுது.

இப்போ அந்த டாடா நம்ம பக்கமே வருது. 2024 செப்டம்பர் 28-ல ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துல முதலமைச்சர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 9,000 கோடி ரூபாய் முதலீடு, ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அங்க செய்யறதா அறிவிப்பு. காஞ்சிபுரம் தாண்டினா வர்ற ஊர். பெரியப்பா சவாரி போன ரோடு.

ஐடி கார்டுல இல்லாத பெயர்

இந்த எபிசோடுக்காக என் அத்தை பையன்கிட்ட பேசினேன். இந்தப் பக்கத்துல ஒரு கார் பாகத் தொழிற்சாலையில வேலை பார்க்கிறான். எந்தக் கம்பெனின்னு சொல்லல, அவனும் சொல்ல வேண்டாம்னான். "நீ செய்யற பாகம் எந்தக் காருக்குப் போகுது?"ன்னு கேட்டேன். ஒரு பெரிய பெயரைச் சொன்னான். "அப்போ நீ அந்தக் கார் செய்யற ஆளுடா"ன்னேன்.

சிரிச்சான். "மச்சான், என் ஐடி கார்டுல அந்தப் பேரு இல்ல. நான் வேலை செய்யற கம்பெனி பேருகூட இல்ல. கான்ட்ராக்டர் பேருதான் இருக்கு."

நான் படிச்ச எல்லா ட்ரேட்மார்க் கதையையும் அவன் ஒரே வரியில மடிச்சு வெச்சுட்டான்.

அப்போதான் சுங்குவார்சத்திரத்துல 2024-ல நடந்ததை வேற மாதிரி பார்த்தேன். இங்க இருக்கிற சாம்சங் தொழிற்சாலை 2007-ல இருந்து ஓடுது. ஃப்ரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின். 2024 செப்டம்பர் 9-ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் ஆரம்பிச்சாங்க. 37 நாள். சம்பளம், வேலை நேரம்னு பல கோரிக்கை. ஆனா மையமா நின்னது ஒண்ணு: எங்க சங்கத்தைப் பதிவு பண்ணுங்க.

பதிவுல என்ன சிக்கல்? சங்கத்தோட பெயர் 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்'. அந்தப் பெயர்ல 'சாம்சங்' இருக்கக் கூடாதுன்னு நிறுவனம் ஆட்சேபிச்சது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நிறுவனத்தோட வாதத்தையும் நேர்மையா சொல்லணும்: பெயர் எங்க ட்ரேட்மார்க், அனுமதி இல்லாம யாரும் எடுத்துக்க முடியாது என்பது அவங்க நிலை. தொழிலாளர் பக்கம் கேட்டது: நாங்க அந்தப் பெயரை விக்கப் போறதில்ல, எங்க வேலை பார்க்கிறோம்னுதான் சொல்றோம். கடைசியில 2025 ஜனவரி 27-ல சங்கம் பதிவாச்சு, அந்தப் பெயரோட.

அம்பாசிடர் பெயர் போச்சேன்னு நாம வாட்ஸ்அப்புல அழுதோம். இந்தக் கூட்ரோட்டுல நிஜ மனுஷங்க 37 நாள் சம்பளத்தை விட்டுட்டு நின்னாங்க. அவங்க கேட்டதுல ஒண்ணு, தாங்க செய்யற பொருளோட பெயரைத் தங்க சங்கத்துக்கும் சேர்த்துச் சொல்ற உரிமை. அந்தப் பெயர் கொரியப் பெயர். அவங்களுக்கு அது ஒரு பிரச்சினையாவே இல்ல.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது இதுதான். ஒரு பிராண்டு எந்த நாட்டுக்காரர்கிட்ட போகுது என்பது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாறிடும். மாரிஸ் சீனா போச்சு, ஜாகுவார் இந்தியா வந்தது, அம்பாசிடர் பிரான்ஸ் போய் இப்போ நெதர்லாந்து விலாசத்துல இருக்கு. அடுத்த தடவை அப்படி ஒரு செய்தி வந்தா, முதல் கேள்வி 'யார் வாங்கினான்?'னு வேண்டாம். 'அச்சும் மெஷினும் எங்க? ஆளுங்க எங்க? அவங்க பாக்கி எங்க?'னு கேளுங்க. அதுக்குப் பதில் கிடைச்ச பிறகு எமோஜி போடலாம்.

போன வாரம் பெரியப்பாகிட்ட இதெல்லாம் சொன்னேன். "80 கோடிக்குப் பேரை மட்டும்தான் வாங்கினான் பெரியப்பா"ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லாம உள்ள போய் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். வண்டியை இரும்பு வியாபாரிக்குப் போட்டப்போ டிக்கியில இருந்து அவரே கழட்டி வெச்ச எழுத்துப் பட்டை. அம்பாசிடர்னு போட்டிருக்கு. குரோம் உரிஞ்சிருக்கு, ஒரு முனை வளைஞ்சிருக்கு.

பக்கத்துல இருந்த அத்தை பையன் அதை வாங்கிப் பார்த்துட்டுச் சொன்னான்: "மாமா, பேரு இங்கதான இருக்கு? அந்த 80 கோடிய உங்ககிட்டதான் குடுத்திருக்கணும்."

பெரியப்பா சிரிக்கல. "எனக்கு எதுக்குடா? அங்க வண்டி செஞ்சவனுக்குப் போச்சா, அதச் சொல்லு"ன்னார்.

உங்க வீட்டுல ஒரு அம்பாசிடரோ ஹெரால்டோ இருந்திருந்தா, இல்ல உங்க வீட்டுல யாராவது இந்தத் தொழிற்சாலைகள்ல வேலை பார்த்திருந்தா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சேர்த்துக்கிறேன். முதல் ஷிஃப்ட் பஸ் கிளம்பிடுச்சு. நானும் கிளம்பறேன். வணக்கம்.